இடிபாட்டை லாரியில் தேடாதீர்கள், வரைபடத்தில் தேடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஊரில் கட்டட வேலை பார்க்கிற சைட் இன்ஜினியர் நான். அடுக்ககங்களில் நிறைய நாள் இருந்தேன். இப்போது அரை கிரவுண்டிலும் ஒரு கிரவுண்டிலும் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கிறேன். கட்டடக் கழிவுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு எங்கள் தொழிலில் இப்போது நிறையக் கேட்கிறது. வரட்டும், எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் பேசுகிறவர்கள் எல்லாரும் ஏரிக்கரையில் கொட்டுகிற லாரியைக் கேமரா வைத்துப் பிடிப்பது பற்றியே பேசுகிறார்கள். அந்த லாரி கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தை பிறந்ததும் எங்கள் தெருவில் ஒரு பழைய அடுக்ககத்தை இடித்தார்கள். தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், பன்னிரண்டு வீடு. வெளியே நின்று அளந்து பார்த்தேன், மொத்தம் சுமார் 1,000 சதுர மீட்டர் கட்டடம். தொழில்நுட்பத் தகவல்களைத் திரட்டி மதிப்பிடுகிற மத்திய அரசின் டைஃபாக் (TIFAC) அமைப்பு 2001-இல் ஒரு கணக்குக் கொடுத்தது. புதிதாகக் கட்டும்போது சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ கழிவு வரும். இடிக்கும்போது 300 முதல் 500 கிலோ வரும். பழைய கணக்குதான், ஆனாலும் கைக்கணக்குக்குப் போதும். அப்படியானால் அந்த ஒரு கட்டடத்திலிருந்து 300 முதல் 500 டன். பத்து டன் ஏற்றுகிற லாரி என்றால் 30 முதல் 50 நடை.

இதைப் போட எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் வீட்டுக்காரர்களில் ஒருவரிடம், இடிக்க எடுத்தவரிடம், லாரி விட்டவரிடம் என்று மூன்று பேரிடமும் "எத்தனை லோடு வரும், எங்கே போகும்?" என்று கேட்டேன். ஒருவரிடமும் எண் இல்லை. "வர வர எடுத்துட்டுப் போவோம் சார்" என்றார் ஒருவர். எங்கே போகும் என்பதற்கு ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் அந்த லாரி ஓட்டுநரைப் பார்த்தேன். இரவு ஒரு மணிக்கு மேல்தான் வண்டி எடுப்பாராம். "எங்கனா கொட்டிட்டு வான்னு சொல்ட்டாங்க சார். மாட்டுனா நானும் வண்டியும்தான் மாட்டுவோம்" என்றார். சின்னப் பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு நடைக்கு அவன் கையில் நிற்கிற பணம் சில நூறு ரூபாய். நீங்கள் வாங்கப்போகிற கேமரா எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் அது இவனைத்தான் பிடிக்கும். அந்த 300 டன் உண்டாகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவர்கள் யாரும் அந்தப் படத்தில் இருக்க மாட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-இன் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகள் ஒரு நாளைக்கு 20 டன்னோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னோ உண்டாக்குகிறவர் கழிவைத் தரம் பிரிக்க வேண்டும், முன்கூட்டியே திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றன. எங்கள் தெருக் கட்டடம் அந்த எல்லையைத் தொட்டதா? தொட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தொட்டது என்று சொல்ல முதலில் யாராவது எண்ணியிருக்க வேண்டுமே. 2025-இல் அறிவித்து 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று சொன்ன புதிய விதிகள், கட்டுகிறவர்கள் மீதே மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. நல்ல மாற்றம். ஆனால் அந்தப் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு. அதாவது சுமார் 2,15,000 சதுர அடி. எங்கள் தெருக் கட்டடம் அதில் இருபதில் ஒரு பங்கு. நான் கட்டுகிற வீடுகள் எல்லாம் அதன் ஓரத்தில்கூட வராது.

இனி இடிப்பு குறையப் போவதும் இல்லை. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். ஒழுகுகிற கூரையின் கீழ் நாற்பது வருடம் இருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் எழுபது, எண்பதுகளில் எழுந்த அடுக்ககங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொன்றிலும் சில நூறு டன் இருக்கிறது.

சரி, இதில் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்துக்கு என்ன வேலை?

எண்ணுவதுதான் முதல் வேலை. அதற்கான பாதிப் பொருள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. கட்டட அனுமதி இணையவழி வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையிலேயே அனுமதி கிடைக்கிறது. வரைபடம் கணினிக் கோப்பாக வருகிறது என்றால் சுவரின் நீளம், தளத்தின் கனம், தூண்களின் எண்ணிக்கை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. புதிதாகக் கட்டும்போது என்ன மிச்சம் விழும் என்பதை அதிலிருந்து கணக்கிட மேதை தேவையில்லை, சாதாரண மென்பொருளே போதும்.

கஷ்டமானது பழைய கட்டடம். அதற்கு வரைபடம் இருக்காது, இருந்தாலும் கட்டியது வேறாக இருக்கும். பின்னால் ஒரு அறை சேர்த்திருப்பார்கள், மொட்டை மாடியில் ஷீட் போட்டிருப்பார்கள், தரைக்கு மேல் தரையாக இரண்டு முறை டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். இங்கேதான் கற்கிற இயந்திரம் வேண்டும். கைப்பேசியில் வீட்டைச் சுற்றி எடுத்த ஒரு வீடியோ, மேலிருந்து எடுத்த படம், சொத்துவரிப் பதிவில் உள்ள பரப்பும் வயதும் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, "இத்தனை டன் கான்கிரீட், இத்தனை டன் செங்கல், இவ்வளவு கம்பி, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது, அதை முதலில் உடைக்காமல் கழற்றுங்கள்" என்று சொல்லக்கூடிய ஒன்று. அந்த ஷீட்டைப் பிரேக்கர் (கான்கிரீட் உடைக்கிற இயந்திரம்) வைத்து நொறுக்கினால் பறக்கிற ஆஸ்பெஸ்டாஸ் நார்த்தூசியை இடிக்கிறவர்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும்தான் சுவாசிக்கிறார்கள். எங்கள் தெருவில் அன்று அப்படித்தான் நடந்தது.

இயந்திரம் தானாகக் கற்றுக்கொள்ளாது. அது சொன்ன எண் சரியா தவறா என்று யாராவது திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாடுகளைப் பதப்படுத்தும் ஆலைகள் உள்ளன. அங்கே எடைமேடையில் ஏறுகிற ஒவ்வொரு லோடும், எந்த முகவரியில் இடித்தது என்ற விவரத்தோடு சேர்ந்து பதிவாக வேண்டும். இடிப்பு அனுமதிச் சீட்டையும் எடைச் சீட்டையும் ஒரே எண்ணால் கட்டிப் போடுங்கள். ஓராண்டில் சில ஆயிரம் கட்டடங்களுக்கு "நாம் நினைத்தது இவ்வளவு, உண்மையில் வந்தது இவ்வளவு" என்ற கணக்கு கையில் இருக்கும். உலகத்தின் எந்த நிறுவனத்திடமும் விலைக்குக் கிடைக்காத தரவு அது, நம் ஊர்ச் செங்கல்லையும் நம் ஊர்க் கட்டுமானத்தையும் தெரிந்த தரவு. இதைச் செய்யாமல் வெளியூரில் பழக்கிய மென்பொருளை வாங்கினால் அது நம் சுவரைப் பார்த்து மலைத்து நிற்கும்.

அப்புறம், இந்த எண்ணும் வேலையை ஏற்கெனவே செய்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு இதைத் தொடங்கிவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மயிலாப்பூரில் ஒரு மெட்ராஸ் டெரஸ் வீட்டைப் பிரித்ததைப் பார்த்தேன். இடித்தது என்று சொல்ல மனம் வரவில்லை, பிரித்தார்கள். அதன் கூரையில் பர்மா தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் சுண்ணாம்பில் நிமிர்த்தி அடுக்கிய மெல்லிய செங்கற்கள். பிரிக்க வந்த மேஸ்திரி கையில் டேப்கூட இல்லை. வீட்டை ஒரு சுற்று வந்தார். சுவரில் இரண்டு இடத்தில் சுத்தியலால் தட்டினார், உத்தரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். இத்தனை கன அடி தேக்கு, இத்தனை ஆயிரம் கல் முழுசாகத் தேறும், இத்தனை ஜோடி கதவு என்று சொல்லி, வீட்டுக்காரருக்கு இவ்வளவு தருகிறேன் என்று விலையும் சொன்னார். கடைசியில் கல் கணக்கில் சில நூறுதான் வித்தியாசம் வந்தது. சுண்ணாம்புக் கலவை கல்லை விட்டுக்கொடுக்கும், தட்டினால் முழுக்கல்லாக வரும். சிமென்ட் கலவை விடாது, கல் உடையும். அதனால்தான் எண்பதுகளின் கட்டடங்களில் அரைக்கல்லும் தூளும்தான் மிஞ்சுகின்றன. இடிக்கிறவருக்குக் கம்பி ஒன்றுதான் காசு, மீதி எல்லாம் 'ரப்பிஷ்'.

அந்த மேஸ்திரியின் கண்ணைத்தான் நாம் இயந்திரத்துக்குக் கொடுக்கப் பார்க்கிறோம். சுவிட்சர்லாந்தில் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், தானே இயங்கும் ஒரு தோண்டும் இயந்திரத்தை வைத்து 65 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரத்துக்குக் கலவையில்லாத கல்சுவர் எழுப்பினார்கள். பாறைகளையும் உடைந்த கான்கிரீட் துண்டுகளையும் அது ஒவ்வொன்றாக அளந்து, எது எங்கே பொருந்தும் என்று தானே முடிவெடுத்து அடுக்கியது. 2023-இல் அதைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். கூடவே, கருங்கல் கட்டுகிற நம் கொத்தனார் குவியலைப் பார்த்து "அந்த மூணாவது கல்லை எடு" என்று சொல்வதும் கண்ணுக்குள் வந்தது. இந்த அறிவு உள்ளவர்களை, பழைய மரக்கடைக்காரர்களை, கதவு ஜன்னல் வாங்கி விற்கிறவர்களை, கம்பி பிரிக்கிற பெண்களை அழைத்துக் கூலி கொடுத்துக் கேளுங்கள். எதைப் பார்த்து எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பதிவு செய்யுங்கள். அவர்கள் பிழைப்பைப் பிடுங்குகிற ஆலையாக அல்லாமல் அவர்களுக்கு முந்தித் தகவல் தருகிற ஏற்பாடாக இது அமைய வேண்டும். இன்ன தெருவில் இன்ன தேதியில் ஒரு வீடு பிரிகிறது, இவ்வளவு மரம் இருக்கும் என்று பத்து நாள் முன்பே தெரிந்தால் போதும், பாதி வீடு பிரேக்கர் வருவதற்கு முன்பே நல்லபடியாக இடம் மாறிவிடும்.

வெளிநாட்டுக் கழிவு பிரிக்கும் ரோபோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்லாந்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் பதினைந்து ஆண்டுகளாகவே கட்டடக் கழிவிலிருந்து மரம், உலோகம், கல் என்று பொறுக்குகிற இயந்திரக் கைகளைச் செய்கிறது. அவர்களுக்கு அது தேவை, அங்கே எல்லாம் கலந்து ஒரே பெட்டியில் வருகிறது. நமக்கு வருகிற லோடில் மரமும் இரும்பும் வழியிலேயே கைமாறியிருக்கும். மிஞ்சுவது செங்கல்லும் பூச்சும் கான்கிரீட்டும் மண்ணும் கலந்த குவியல். அந்தக் குவியலில் ரோபோ கை எதைப் பொறுக்கும்? அந்தப் பணத்தில் ஆலை வாசலில் ஒரு நல்ல கேமராவை வையுங்கள். லோடில் எவ்வளவு சாம்பல் நிறக் கான்கிரீட், எவ்வளவு சிவப்புச் செங்கல், எவ்வளவு மண் என்று பார்த்து அது தரம் சொல்லட்டும். கேமராவுக்கு நான் எதிரி இல்லை, இந்த இடத்தில் அது உதவும். சுத்தமான கான்கிரீட் லோடுக்குக் கட்டணம் குறைவு, கலந்த லோடுக்கு அதிகம் என்று வைத்தால் தரம்பிரிப்பு இடிக்கிற இடத்திலேயே தொடங்கும்.

ஏனென்றால் சுத்தமான கான்கிரீட்டுக்கு மதிப்பு இருக்கிறது. கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு, பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை சேர்க்க அனுமதிக்கிறது. எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம். அஸ்திவாரத்துக்கு அடியில் போடுகிற, சிமென்ட் குறைந்த லீன் கான்கிரீட்டில் முழுக்க அதையே போடலாம். டெல்லி புராரியில் 2009-இலேயே இதற்கு ஆலை வந்துவிட்டது. இருந்தும் இங்கே எந்த வீட்டுக்காரரிடமாவது "மறுசுழற்சி ஜல்லி போடலாமா?" என்று நான் கேட்டால், "நம்ம வீட்டுக்கா சார்?" என்று முகம் மாறுகிறது. அந்த முகத்தை மாற்ற என் பேச்சு போதாது. உங்கள் நடைபாதைகளிலும் வடிகால் அடித்தளத்திலும் முதலில் அது போகட்டும், நான் காட்டிப் பேசுவதற்கு ஒரு இடம் கிடைக்கும்.

இனி என் பக்கத்துத் தவறு. புதிதாகக் கட்டுகிற இடத்தில் விழுகிற கழிவுக்கு நாங்கள்தான் பொறுப்பு. கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. தூணுக்கு 4.5 மீட்டர் துண்டு வேண்டும் என்றால் ஒரு கம்பியில் இரண்டு வெட்டலாம், 3 மீட்டர் மிச்சம். 16 மில்லி கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. நூறு கம்பி வெட்டினால் 474 கிலோ, கிட்டத்தட்ட அரை டன், மூலையில் கிடக்கும். மேல் தளத்து பீம்களில் அதே 16 மில்லியில் 3 மீட்டர் எக்ஸ்ட்ரா கம்பி தேவைப்படுவது வரைபடத்தில் தெளிவாக இருக்கும். ஆனால் அது அடுத்த மாத வேலை. அதற்குள் துருப்பிடித்த துண்டுகள் பழைய இரும்புக்குப் போய்விடும், பீமுக்குப் புதுக் கம்பி வெட்டுவோம். நானே பலமுறை இப்படிச் செய்திருக்கிறேன், அந்தக் குவியல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

எப்படி வெட்டினால் மிச்சம் குறையும் என்பதற்கு கில்மோர், கொமோரி என்ற இருவர் 1961-இலேயே கணித முறை கொடுத்துவிட்டார்கள். கற்கிற இயந்திரத்தின் உதவி வேறு இடத்தில் வேண்டும். சைட்டில் எதுவும் எழுதியபடி நடப்பதில்லை. வீட்டுக்காரர் ஜன்னலை நகர்த்துவார், ஆள் வர மாட்டார்கள், 16 மில்லி கம்பி தீர்ந்து 12 மில்லி மட்டும் இருக்கும். குவியலைப் படம் எடுத்து அனுப்பினால் எந்த நீளத்தில் எத்தனை துண்டு கிடக்கிறது என்று எண்ணி, இன்றைக்கு எதை எங்கே போடலாம் என்று கம்பி கட்டுகிற தம்பிக்குத் தமிழிலேயே சொல்கிற ஒரு செயலி வேண்டும். ஆலையில் கலந்து லாரியில் வருகிற ரெடிமிக்ஸ் கான்கிரீட்டும் இப்படித்தான். பற்றாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அரை கன மீட்டர் கூடுதலாகச் சொல்வோம். கான்கிரீட்டுக்கு நேரம் காத்திருக்காது, மிஞ்சியது தெருமுனையில் கொட்டப்பட்டு மறுநாள் பாறையாக நிற்கும். அரை கன மீட்டர் என்றால் 1,200 கிலோ. சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடைப்பது) முடிந்ததும் படத்தை வைத்துக் கன அளவு சொல்லும் கருவி பெரிய கம்பெனிகளிடம் இருக்கலாம், என்னைப் போன்ற ஆளிடம் இல்லை. இந்த ஊரில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமா? மாநகராட்சி கேட்டால் மாணவர்கள் செய்து தர மாட்டார்களா?

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இடிப்பு அனுமதி தரும்போதே மதிப்பிட்ட எடை அந்தச் சீட்டில் இருக்கட்டும். அந்த எடைக்கு ஏற்ப ஒரு வைப்புத்தொகையை உரிமையாளரும் கட்டுகிறவரும் கட்டட்டும். ஆலையின் எடைச் சீட்டுகளும் பழைய பொருள் வாங்கியவர்களின் ரசீதுகளும் சேர்ந்து ஏறக்குறைய அந்த எண்ணைத் தொட்டால் பணம் திரும்ப வரட்டும். குறைந்தால் கேள்வி உரிமையாளரிடம் போகட்டும், இரவு ஒரு மணிக்கு வண்டி எடுத்த பையனிடம் அல்ல. அவனுக்கு எடைச் சீட்டைக் காட்டிய அன்றே அந்தத் தொகையிலிருந்து வாடகை கிடைத்தால் அவன் ஏன் ஏரிக்கரைக்குப் போகப் போகிறான்? இயந்திரம் தப்பாகவும் எண்ணும். அதனால் "என் வீட்டில் அவ்வளவு இல்லை" என்று சொல்கிறவர் வீட்டுக்கு ஒரு பொறியாளர் நேரில் வந்து அளக்கிற வழி இருக்க வேண்டும். கணினி சொல்லிவிட்டது என்று கவுன்டரில் கையை விரிக்கக் கூடாது. இன்னொன்று, கொடுங்கையூர் வடக்கே, பெருங்குடி தெற்கே. போரூர், வளசரவாக்கம், அம்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு குட்டியானை வண்டி (சின்ன சரக்கு வண்டி) அரை லோடு பூச்சுக் கழிவை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகாது. எந்த வார்டில் எவ்வளவு வரப்போகிறது என்ற எண் முன்கூட்டியே இருந்தால், சிறிய சேகரிப்பு இடங்களை எங்கே வைப்பது என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

பெருங்குடிக் குப்பைமேட்டை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தத்தின்கீழ் 2022-இல் ராம்சர் ஈரநிலம் என்று உலகமே அங்கீகரித்த இடம். அதன் விளிம்பில் சில இடங்களில் கால் வைத்தால் செங்கல் சில்லும் டைல்ஸ் துண்டும் இடறுகின்றன. அவற்றில் சில நான் வேலை பார்த்த சைட்டுகளிலிருந்து வந்திருக்கலாம். அந்த எண்ணம் என்னைத் தூங்க விடுவதில்லை.

என்னிடம் கடைசியாக முடித்த பதினொரு வீடுகளின் கணக்கு நோட்டுகள் இருக்கின்றன. வந்த கம்பி, கல், சிமென்ட், வெளியே போன லோடு எல்லாம் தேதியோடு இருக்கிறது. கேட்டால் அப்படியே கொடுத்துவிடுகிறேன். எங்கள் பகுதியில் இன்னொரு அடுக்ககத்தில் ஆட்கள் காலி செய்துகொண்டிருக்கிறார்கள், இரண்டு மாதத்தில் இடிப்பார்கள் என்று சொல்கிறார்கள். அதை முதல் கட்டடமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் கைப்பேசியோடு வரட்டும், நான் டேப்போடு வருகிறேன். பழைய மேஸ்திரி ஒருவரையும் கூட்டிவருகிறேன். மூன்று எண்களையும் எழுதி வைத்துவிட்டு, எடைமேடை என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
வளசரவாக்கத்திலிருந்து ஒரு சைட் இன்ஜினியர்